மௌனவிரத ராஜா

கலியமூர்த்திக்குக் கணக்கு வாத்தியார் மேல் கோபம் கிடையாது, பத்தாவதில் கவுத்துவிட்ட பரீட்சை மேலும் கிடையாது. இருக்கிற கோபமெல்லாம் கூடப் படித்த நந்தகுமார் மேல்தான். ஜங்ஷன் ஸ்டாண்டில் ஆட்டோவை நிறுத்தினால் போதும், "என்னா விரதம், சவாரி வருமா?" என்று எவனாவது கேட்பான். அந்தப் பேர் வரக் காரணமானவனும் அதை ஊரெல்லாம் பரப்பினவனும் நந்தகுமார்தான்.

எண்பத்தெட்டாம் வருஷம், ஸ்கூல் ஆண்டு விழா. தமிழய்யா சுப்பிரமணியன் தானே எழுதின நாடகம். கலியமூர்த்திக்கு இடி மாதிரிக் குரல், அதனால் ராஜா வேஷம். நந்தகுமார் மந்திரி. அவனுக்கு மொத்தமே நாலு வசனம்.

"நாலு வசனத்துக்கு எதுக்குடா உனக்கு மீசை?" என்று கலியமூர்த்தி சீண்டினான். நந்தகுமார் சிரித்தான். பிரேயரில் பொய்த்தும்மல் போட்டு ஒரு வரிசையையே தும்ம வைத்தவன் அவன். அதற்கு முட்டி போட்டது கலியமூர்த்தி. அப்பவும் இதே சிரிப்புத்தான்.

விழா அன்றைக்குப் பெண்ணாடத்திலிருந்து வரவேண்டிய மேக்கப்காரர் வரவில்லை. நந்தகுமாரின் அப்பா அர்ச்சுனன் பீங்கான் பட்டறையில் அச்சு ஊத்துகிறவர். பொம்மை அச்சில் ஊத்துகிற வெள்ளை மண்கூழை ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து வைத்தான் மகன்.

"இதான் மச்சான் மேக்கப்பு. மூஞ்சி வழவழன்னு இருக்கும்."

"அரிக்குமாடா?"

"பொம்மைக்கு அரிக்குதா?"

உதிராமல் இருக்கட்டும் என்று சொல்லிக் கோந்து வேறு கலந்து மூணு பூச்சு பூசி, மேலே மீசையை ஒட்டினான். கால் மணி நேரம் ராஜா நிஜமாகவே ஜொலித்தான். அப்புறம் ஃபோகஸ் லைட் சூட்டில் கூழ் காய்ந்து இறுகிவிட்டது. "யாரங்கே!" என்று முழங்கவேண்டிய இடத்தில் வாய் சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் திறந்தது. கொசு மாதிரி ஒரு சத்தம் வந்தது. கூட்டம் கப்சிப்.

மந்திரி ராஜாவை ஒரு பார்வை பார்த்தான். ஒரு எட்டு முன்னால் வந்தான்.

"மக்களே! மன்னர் இன்று மௌனவிரதம். அவர் மனதில் உள்ளதை அடியேன் உரைக்கிறேன்!"

ராஜாவின் வசனம் முழுக்கவும் ஒன்று விடாமல் முழங்கித் தள்ளினான். கலியமூர்த்தி கண்ணை உருட்டினான், கையை ஆட்டினான். உள்ளுக்குள் திட்டின திட்டு வெளியே வந்திருந்தால் பந்தலே பத்திக்கொண்டிருக்கும். கைதட்டல் ஓயவில்லை. முதல் பரிசும் நந்தகுமாருக்கே.

குழாயடியில் முகத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு நிமிர்ந்தால், எதிரே ஹெட்மாஸ்டர். "என்னடா ஆச்சு உனக்கு?"

அவர் பக்கத்திலேயே விழாவுக்குத் தலைமை தாங்க வந்த பட்டறை முதலாளி. ஒரு கைப்பிடி மண் வெளியே போனாலும் ஆளை வேலையை விட்டு நிறுத்திவிடுகிற மனுஷன். சற்றுத் தள்ளி அர்ச்சுனன், மகன் வாங்கின கப்பைத் துண்டால் துடைத்தபடி. நந்தகுமார் தூக்குவாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பயந்துட்டேங்கய்யா," என்றான் கலியமூர்த்தி.

அதோடு போச்சு. கருவேப்பிலங்குறிச்சிக்குப் பெண் பார்க்கப் போனால், பந்தியில் ஒரு பெரிசு, "மேடையில வாயடைச்சுப் போனது இந்தத் தம்பிதானே?" என்றது. கட்டிக்கொண்ட பூங்கோதையும் சண்டை வந்தால் அதைத்தான் எடுத்தாள். நந்தகுமாரோ திருவிழா நாடகத்துக்கெல்லாம் கதாநாயகன் ஆகிவிட்டான். "உண்மையைச் சொல்லேன்டா," என்று கேட்டால், "அப்பா இன்னும் அங்கதானே வேலை பாக்குறாரு," என்று நழுவுவான்.

தொண்ணூத்தாறில் அவனுக்கு குஜராத்தில் டைல்ஸ் கம்பெனி வேலை கிடைத்தது. வழியனுப்பக் கலியமூர்த்தியும் பூங்கோதையும் ஜங்ஷனுக்குப் போனார்கள். மெட்ராஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்தவன், ஜன்னல் வழியாக அவளைக் கூப்பிட்டான்.

"தங்கச்சி, இவன் அன்னிக்குப் பயப்படவே இல்ல. மண்ணைப் பூசி வாயை இறுக்கினது நான். எங்க வூட்டுச் சோத்துல மண்ணு விழக்கூடாதுன்னு பழியை இவன் ஏத்துக்கிட்டான்."

பூங்கோதை புருஷனைப் புது ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். கலியமூர்த்தி அப்போதும் விடவில்லை.

"தெரியாமத்தானே செஞ்ச?"

"கூழு தெரியாமத்தான். கோந்து வேணும்னே."

"அடப்பாவி! எட்டு வருஷம்டா!"

வண்டி நகர்ந்தது. கலியமூர்த்தி கூடவே ஓடினான், அடிக்கவா கைகொடுக்கவா என்று அவனுக்கே தெரியாமல். நந்தகுமார் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்:

"மச்சான், அப்பாவை அப்பப்ப பாத்துக்கடா! நாடகத்தைப் பத்திக் கேட்டாருன்னா, பயந்துட்டேன்னே சொல்லிடு!"