மேளம் கேட்ட குதிரை

அந்த வீடியோ இன்னமும் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. ஒரு வெள்ளைக் குதிரை பாட்டுக்கு ஏற்றபடி முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கிறது. மஞ்சள் பனியன் போட்ட நாங்கள் சுற்றி நின்று கைதட்டிச் சிரிக்கிறோம். குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் என் மகள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வீடியோ அதோடு முடிந்துவிடும். எடுத்தவர் நல்ல எண்ணத்தில்தான் மிச்சத்தை வெட்டியிருக்கிறார். அந்த மிச்சம் பகலில் வேலைக்கு நடுவேகூட என் கண்முன் வருகிறது.

நாங்கள் நகரத்தின் ஓரத்தில், மேனாம்பேட்டில் இருக்கிறோம். அடுக்ககத்தில் இருப்பவர்கள் எல்லாரும் வேறு வேறு ஊரிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். நான் கரூர்ப் பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் நாகர்கோவில். சேர்ந்து பழக வேறு வழி இல்லாததாலோ என்னவோ, எங்கள் சங்கம் ஏதாவது ஒரு பொதுக்காரியத்தை இழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவோம்; அரசுப் பள்ளிச் சுவருக்கு வர்ணம் அடிப்போம். எதுவானாலும் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பனியன், பிறகு பேனர், வேலை முடிந்ததும் குத்துப்பாட்டு போட்டு ஒரு குரூப் வீடியோ. அந்தப் பாட்டு இல்லாமல் வேலை முடிந்ததாகவே எங்களுக்குத் தோன்றாது. ஸ்பீக்கர் சங்கச் செயலாளருடையது. அதைத் தூக்கிக்கொள்ளாமல் அவர் காய்கறி வாங்கக்கூடப் போகமாட்டார் என்று கேலி செய்வோம்.

இந்த முறை யோசனை என் மகளுடையது. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். வெள்ளானூரைத் தாண்டி, மனை போட்டுக் கல் நட்ட வெளிகளுக்கு நடுவே, ஒரு அம்மாள் குதிரைக் காப்பகம் நடத்துகிறார். கடற்கரையில் சவாரிக்கு ஓடி ஓய்ந்தவை, கல்யாண ஊர்வலத்துக்குப் பயன்பட்டு இனிமேல் முடியாது என்று விட்டுவிட்டவை, இப்படிக் கொஞ்சம் குதிரைகள். மழைக்காலத்துக்கு முன்னால் லாயத்தைச் சுத்தம் செய்து மணல் கொட்ட ஆள் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். மகள் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினாள். எல்லாரும் சரி என்றார்கள்.

நான் மட்டும் அன்றிலிருந்தே குதிரை உதைத்தால் என்ன ஆகும் என்று போனில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அவளுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய் இறங்கியதும் கை எட்டும் தூரத்திலேயே அவளைச் சுற்றி வந்தேன். குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர், முன்பு கடற்கரையில் சவாரி விட்டவர், பீடியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், பொண்ணு குதிரய பாக்க வந்துகீது. நீ பொண்ண பாக்க வந்துகீறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பா, போய் மணல் அள்ளுங்கப்பா, ப்ளீஸ்" என்றாள். போனேன்.

காப்பகத்து அம்மாள் எங்களை நிற்க வைத்து, பின்பக்கமாகப் போகாதீர்கள், ஓடாதீர்கள், பெரிய சத்தம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். யாரும் மீறவில்லை. பெண்கள் குதிரை லத்தியை இரும்புச் சட்டிகளில் அள்ளித் தள்ளுவண்டியில் கொட்டினார்கள். நாகர்கோவில்காரர் தூண்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அவர் சட்டைக்கும் சேர்த்தே அடித்தார். நான் மணல் மேட்டுக்கும் லாயத்துக்கும் நடக்கும்போதெல்லாம் அவளைத் தேடினேன். அவள் வெள்ளைப் பெண்குதிரை ஒன்றுக்குப் பக்கத்தில் நின்று தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அது அவள் தோளில் மூக்கை வைத்திருந்தது. வீட்டில் எங்களோடு ஒரு வாக்கியம் முழுசாகப் பேசாதவள் அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்தபோது மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. இரண்டு நடை அவளைத் தேடாமலே மணல் சுமந்தேன்.

உச்சிவெயிலுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. எங்களை ஏற்றிப்போக வேன் உள்ளே வந்து திரும்பி நின்றது. கேட் திறந்தபடி இருந்தது. வெளியே சாலையில் ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் முழுக்க வீடு கட்டுகிறார்கள். குதிரைக்காரர் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடப் பின்னால் போயிருந்தார். அம்மாள் போனில் இருந்தார். பேனரை விரித்தோம்.

"வெள்ளக் குதிரைய நடுவுல நிப்பாட்டினா சூப்பரா இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். மகள் அதை நடத்திக்கொண்டு வந்து நிறுத்தினாள். செயலாளர் ஸ்பீக்கரை ஒரு கல்லின் மேல் வைத்தார். "சத்தம் கம்மியாத்தான் வைக்கிறேன், பயப்படாதீங்க" என்றார். உண்மையிலேயே கம்மியாகத்தான் வைத்தார்.

பாட்டின் தொடக்கத்தில் வெறும் மேளம். குதிரை தலையை நிமிர்த்தியது. வலது முன்னங்காலைத் தூக்கியது, வைத்தது. இடது காலைத் தூக்கியது.

"ஏய், ஆடுதுடா!"

"நம்ம பிரசிடென்ட்ட விட நல்லா ஆடுது பாருங்க!"

போன்கள் எல்லாம் உயர்ந்தன. நானும் எடுத்தேன். மகள் எங்களைப் பார்த்து ஏதோ சொன்னாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். இன்னொரு முறை சொன்னாள். "பாட்ட நிறுத்துங்க அங்கிள்." சிரிப்பில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. குதிரை நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டது. அதற்கும் சிரித்தார்கள். கால்கள் மட்டும் நிற்காமல் ஏறி இறங்கின. யாரோ சத்தத்தைக் கூட்டினார். பின்னாலிருந்து ஒருவர் விசில் அடித்தார்.

குதிரை ஒரே இழுப்பில் திரும்பியது. பேனர் கிழிந்தது. அது கேட்டை நோக்கி ஓட, கயிற்றோடு என் மகளும் போனாள். முதல் சில அடிகள் ஓடினாள். பிறகு விழுந்தாள். விழுந்த பிறகும் போய்க்கொண்டிருந்தாள், ஜல்லி மேல், வயிறு தரையில் பட.

"விட்ரு! கயித்த விட்ரு கண்ணு!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் வந்ததில்லை. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கயிற்றை விடவில்லை. இன்னொரு கையையும் கொண்டுபோய்ச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

யாரோ ஸ்பீக்கரை எட்டி உதைத்தார்கள். பாட்டு நின்றது. கேட்டுக்கு இந்தப் பக்கமே குதிரையும் நின்றுவிட்டது. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. குதிரைக்காரர் மோட்டார் பக்கமிருந்து ஓடிவந்தார். "இன்னா பண்ணீங்க? இன்னாத்த பண்ணி வெச்சீங்க?" என்று கேட்டவர் பதிலுக்கு நிற்காமல் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நான் மகளைத் தூக்கினேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் கயிற்றிலிருந்து பிரித்தேன். எங்களுக்கு மேலே அந்தக் குதிரை, பாட்டே இல்லாமல், இன்னும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது.

ஆவடியில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக் கட்டுப் போட்டார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. வலது உள்ளங்கைத் தோல் போய்விட்டது. முழங்கைகளும் வயிறும் சிராய்ப்பு. வாடகைக் காரில் வீடு திரும்பும்போது அவள் அழவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"காலையிலயே அந்தக் குதிரைக்கார அண்ணா சொன்னாருப்பா. அத ஊர்வலத்துக்குப் பழக்குறப்ப மேளம் அடிச்சுக்கிட்டே கால்லயும் அடிப்பாங்களாம். அப்புறம் அடிக்கவே வேணாமாம். மேளம் கேட்டாலே போதுமாம், பயத்துல தூக்குமாம்."

எனக்கு அப்போது குதிரையைப் பற்றிக் கேட்கும் நிலை இல்லை. "நான் கத்தினது கேக்கலையா கண்ணு?" என்றேன்.

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் விடல?"

"விட்டா ரோட்டுக்குப் போயிருக்கும்ப்பா."

"போகட்டுமே."

அவள் ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். வீடு வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

மாலையில் செயலாளர் ஆப்பிள் பையோடு வந்தார். சோபாவில் உட்காரவே மறுத்தார். "சத்தமாப் போடாதீங்கன்னுதான சார் சொன்னாங்க. பாதிக்கும் கீழதான் சார் வெச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மனைவிக்கு வந்தது. அவர் போனதும் என் மேல் திரும்பியது. "ஏங்க, பக்கத்துலயேதான இருந்தீங்க? பரீட்சைய எப்படி எழுதுவா?" பக்கத்திலேயேதான் இருந்தேன். அதுதான் எனக்கும் விளங்கவில்லை.

அவள் சின்னவளாக இருந்தபோது சாலை கடக்கையில் 'நில்' என்றால் நின்றுவிடுவாள். சூடு என்றால் கையை எடுத்துவிடுவாள். என் குரலைக் கேட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். காதில் விழாமல் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கேட்டது. கேட்டு, என்னைப் பார்த்து, இன்னொரு கையையும் சேர்த்தாள்.

கட்டுப் பிரித்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில், பூட்ஸைப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றாள். உள்ளங்கையில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக, வழவழவென்று இருந்தது.

"கயிறு பிடிக்க மாட்டேன்ப்பா. லத்தி மட்டும் அள்றேன். அது எப்படி இருக்குன்னு பாக்கணும்."

மனைவி சமையலறையில் குழாயை மூடிவிட்டு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு எனக்குச் சொல்லு கண்ணு" என்றேன். "இன்னொரு தடவ அப்படி ஏதாவது ஆகி, நான் விடுன்னு கத்தினா, விட்டுடுவியா?"

அவள் நேர்மையாக யோசிக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அதுவே பொறுக்கவில்லை. சும்மா ஒரு 'சரிப்பா' போதும், அது பொய்யாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"தெரியலப்பா" என்றாள்.

மனைவி குழாயைத் திரும்பத் திறந்தாள், வேகமாக. நான் கார் சாவியை எடுத்தேன். போக வேண்டாம் என்றால் அவள் போகாமல் இருப்பாளா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் துணிவும் இல்லை. அங்கே போனதும் முதலில் கேட்டைச் சாத்திவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் படி இறங்கினேன்.