என் பதில்களை எழுதிவைத்த நோட்டு

பெல்ட்டில் வேலை பார்த்தவனுக்குச் சந்தேகம் கூடவே ஒட்டிக்கொள்ளும். சுரங்கத்திலிருந்து கரியை ஏற்றிக்கொண்டு ஓடும் கன்வேயர் பக்கத்திலேயே நடந்து, அத்தனை ரோலர் இரைச்சலிலும் எது ஒன்று மட்டும் வேறு மாதிரி கத்துகிறது என்று காது கொடுத்துக் கேட்பதுதான் முப்பது வருஷத்துக்கு மேல் என் பிழைப்பு. கத்துகிற ரோலரை அன்றைக்கே பிடிக்காவிட்டால் சூடேறி பெல்ட்டையே கருக்கிவிடும். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் காது ஓயவில்லை. வீட்டில் யார் குரல் தணிந்தாலும் எனக்கு உறுத்தும்.

குரல் தணியத் தொடங்கியது நான் அடித்த ஒரு கூத்துக்குப் பிறகு. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். நாங்களும் டவுன்ஷிப்பை விட்டு நுழைவாசல் ஆர்ச்சைத் தாண்டி, வடக்குத்து கிராமத்துப் பக்கம் வீடு கட்டிப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் காய் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பியவன், எதையோ யோசித்தபடி பழைய குவார்ட்டர்ஸுக்கே போய்விட்டேன். கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நேராகச் சமையலறைக்குள் நுழைந்து பையை மேடையில் வைத்த பிறகுதான் அடுப்பும் வேறு, அடுப்புக்கு முன்னால் நிற்கிற பெண்ணும் வேறு என்று உறைத்தது. நல்லவேளை, அவள் கத்தவில்லை.

"ரிட்டயர் ஆனவங்களா சார்? பக்கத்து வூட்டுக்கும் போன மாசம் ஒருத்தர் இப்பிடித்தான் வந்துட்டாரு. உக்காருங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

இந்த ஊரில் ரிட்டயர் ஆனவர்களில் பாதிப் பேர் செய்கிற தப்புதான். இருபத்தாறு வருஷம் கை அந்தப் பக்கம்தானே திரும்பியிருக்கிறது. வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே பெங்களூரில் இருக்கும் மகளுக்கு விஷயம் போய்விட்டது.

"அப்பா, ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க" என்று மகள் ஆரம்பித்தாள். முடியாது என்றேன். "சரி. இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆச்சுன்னா நானே கார் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் எதுவும் பேசக் கூடாது" என்றாள். அதிலிருந்து போனில் வீடியோவாக வந்து விழுந்தது. மூளைக்கு நடப்பது நல்லது, புதுசாக ஏதாவது கற்றுக்கொள்வது நல்லது, நாலு பேரோடு பேசுவது நல்லது. அங்கே பதினாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு நான் எந்த நாலு பேரோடு பேசுவது? எனக்கு இந்த வீடு வேண்டும், ஸ்கூட்டர் வேண்டும், டீக்கடையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் வேண்டும். இதை விட்டுப் போனால் செத்தேன் என்றே நினைத்தேன்.

கேள்விகள் வர ஆரம்பித்தது அப்போதுதான். காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு மனைவி சும்மா கேட்பதுபோல் கேட்பாள்.

"ஏங்க, நேத்து இன்னா கொழம்பு வச்சேன்?"

"இன்னிக்கி இன்னா கெழமை?"

"சேத்தியாத்தோப்புலேருந்து என் தங்கச்சி வந்துட்டுப் போனது எந்த வாரம்?"

வெடுக்கென்று பதில் சொல்வேன். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. "எதுக்கு இதையே கேட்டுகினு இருக்க?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "சும்மாதாங்க" என்றாள். பதில் கிடைத்ததும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வரும். அதையும் நான் நம்பவில்லை. மகள் போன் செய்தால் சமையலறைக்குள் போய்விடுவாள். தணிந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். அம்மாவும் மகளும் சேர்ந்து எனக்குப் பரீட்சை நடத்துகிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு நோட்டு அகப்பட்டது. பக்கம் பக்கமாக என் பதில்கள். 'நேற்று கத்தரிக்காய்க் குழம்பு, அவர் சொன்னார்.' 'இன்று வியாழன், அவர் சொன்னார்.' 'தங்கச்சி போன வாரம் வந்தாள், அவர் சொன்னார்.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் எனக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் எப்போது சறுக்குவேன் என்று பார்த்திருக்கிறாள். சறுக்கினால் மறுநாள் வாசலில் கார் நிற்கும்.

சண்டை போடவில்லை. வேண்டுமென்றே ஒரு பதிலைத் தப்பாகச் சொல்வோம், உடனே முகம் மாறும், போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டு முடித்ததும் பிரஷர் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நான் மாத்திர போட்டுட்டனா?"

போடவில்லை. என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள், தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"அப்பவே போட்டுட்டியே" என்றேன்.

என்னைப் பார்த்துச் சிரிப்பாள், அல்லது முறைப்பாள் என்று காத்திருந்தேன். "அப்பிடியா" என்று அட்டையை டப்பாவில் போட்டு மூடினாள். முகத்தில் அதே தெளிவு. பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டில் எழுதினாள்.

பரீட்சை வைக்கிறவர்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியவில்லை. நான் எரிந்து விழுந்து சொன்ன பதில்களை வைத்துத்தான் அவள் நாளை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மகளோடு நிறுத்தி நிறுத்திப் பேசியதும் நோட்டைப் பார்த்துப் படித்துத்தான்.

அடுத்த வாரம் ஒரு டாக்டரிடம் போனோம். வயதானால் மூளை எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கைவிட்டுவிடாது என்றார். பல வருஷம் ஊறினது உள்ளே இருக்குமாம், நேற்று வந்ததுதான் ஒட்டாதாம். ஒட்டாததை எழுதிவைத்தும் கேட்டுவைத்தும் சமாளிக்கிறவர்கள் ரொம்ப நாள் சமாளிப்பார்கள், பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது என்றார். மகள் பிறந்த நாளைப் பற்றி அவளிடம் கேட்டார். "அன்னிக்கி இவருக்கு செகண்ட் ஷிப்ட்டுங்க" என்று தொடங்கி, அந்த வாரம் முழுக்க எனக்கு எந்த ஷிப்ட், என்றைக்கு ஆஃப் என்று தடுமாறாமல் சொன்னாள். என் ஷிப்ட்டை வைத்தே நாளை எண்ணிப் பழகியவள் அவள். நான் ரிட்டயர் ஆனதும் அவளுக்கு எல்லா நாளும் ஒரே நாளாகிவிட்டது. அவ்வளவு இரைச்சலில் ஒரு ரோலரைப் பிடித்த காதுக்கு இது கேட்கவில்லை.

ஆனால் அது அடுத்த வாரம். அன்று காலை நான் எழுந்து போய், டப்பாவைத் திறந்து, மாத்திரையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"நீ இன்னும் போடல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

வேண்டுமென்றுதான் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அவள் மாத்திரையை வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அடுத்த அறையில் யாரோ இருப்பதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"மறந்துட்டீங்களா? பரவால்லீங்க, பயப்படாதீங்க. பொண்ணுகிட்ட நான் சொல்ல மாட்டேன்."