ஈசானி மூலைக் குழி

எங்கள் வீட்டுக் கடக்காலுக்கு, தூண் நிறுத்த ஒன்பது குழி வெட்டினார்கள். எட்டுக் குழியைப் பற்றி எனக்கு ஒரு பேச்சும் இல்லை. ஈசானி மூலையில் வெட்டிய ஒன்பதாவது குழியில்தான் இறங்கி உட்கார்ந்துகொண்டேன்.

நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. முப்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தேன். ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் எத்தனையோ வீட்டுக்குக் கடக்கால் மண்ணும் ஜல்லியும் சுமந்திருக்கிறேன். ஒரு மேஸ்திரியிடமும் ஏன் என்று கேட்டதில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எல்லாத் தூணும் சேர்ந்து ஒரு விரல் இறங்கினால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஒன்று மட்டும் இறங்கினால்தான் ஜன்னல் மூலையிலிருந்து சுவர் கோணலாகக் கிழியும். அப்படிக் கிழிந்த வீட்டில் பூச்சு வேலைக்கும் போயிருக்கிறேன். எத்தனை தடவை பூசினாலும் அதே கோடு திரும்ப வந்து நிற்கும்.

காலடிப்பேட்டையில் எங்கள் மனை பள்ளம். கல்யாணமாகி வந்த புதிதில், மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தரையை ஏற்ற, என் வீட்டுக்காரர் ஈசானி மூலையிலிருந்துதான் மணலை வெட்டிப் போட்டார். அங்கே ஆள் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. வருஷக் கணக்காக அடுப்புச் சாம்பலும் மீன் செதிலும் கிழிந்த பாயும் அதில்தான் போயின. அப்புறம் நான் சித்தாள் வேலைக்குப் போனேன். சித்தாள்கள் வெறுங்கையோடு வீடு திரும்ப மாட்டோம். உடைந்த செங்கல், காரைக்கட்டி என்று மண் சுமக்கும் பாண்டு நிறையக் கொண்டுவந்து அவரவர் பள்ளத்தைத் தூர்ப்போம். அந்தச் சாம்பலை அப்படித்தான் மூடினேன்.

இப்போது அதே மனையில் என் மகன் புது வீடு கட்ட, மேஸ்திரி எல்லாக் குழியும் நாலடி வெட்டினார். ஈசானி மூலையில் கடப்பாரையைப் போட்டார், டங்கென்று சத்தம் வந்தது. கெட்டியான தரை என்று விட்டுவிட்டார். அதற்குக் கீழே சாம்பல் என்று அன்று சாயங்காலம் மகனிடம் மெதுவாகச் சொன்னேன். மேஸ்திரிக்குத் தெரியாததா என்றான்.

மறுநாள் காலையில் பூஜை. குழியில் பால் ஊற்றி நவதானியம் போட்டார்கள். அந்த மூலையில்தான் முதல் கலவை விழ வேண்டும், அதுவும் நல்ல நேரம் முடிவதற்குள். கலவை தயாராகிவிட்டது. நான் புடவையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி, வீடு எழும்பும் முன்னாலேயே கிழவி தனக்கு ரூம் பிடித்துவிட்டாள் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

“இன்னா ஆயா, உள்ள குந்திகினே? நல்ல நேரம் போய்க்கினு கீது. கடப்பாரை போட்டா டங்குனு கேக்குது, இதுக்கு மேல உனுக்கு இன்னா வோணும்?” என்றார் மேஸ்திரி.

“அது நான் கொண்டாந்து கொட்ன செங்கல்லு மேஸ்திரி. அதுக்குக் கீழ சாம்பலு கீது. கொட்னவளுக்குத் தெரியாதா?”

மகன் குழி ஓரத்தில் வந்து நின்றான். “மானத்த வாங்காதம்மா. மேல வா.”

நான் குழிக்குள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

“கொட்றதுன்னா என் தல மேல கொட்டு நைனா.”

மேஸ்திரி முகம் சிவந்துவிட்டது. கலவை வீணாகக் கூடாது என்று அதைப் பக்கத்துக் குழியில் கொட்டச் சொன்னார். பிறகு என் பேச்சைப் பொய்யாக்கவே கடப்பாரையோடு இறங்கி வந்தார். நாலு செங்கல்லைப் பெயர்த்துவிட்டு ஓங்கிக் குத்தினார். இந்தத் தடவை சத்தமே வரவில்லை. கடப்பாரை பாதி உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது சாம்பலும் நாற்றமும் சேர்ந்து வந்தன.

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. இன்னும் மூன்றடி வெட்டினார்கள். கிளிஞ்சல் கலந்த மஞ்சள் மணல் வந்தது, கூடவே தண்ணீரும் ஊறியது. மோட்டார் வைத்து இறைத்தார்கள். நான் வெறுங்காலோடு மணலில் ஏறி மிதித்துப் பார்த்தேன். அழுந்தவில்லை. ஜல்லிக் கலவை கொட்டி மற்றக் குழிகளின் மட்டத்துக்கு அதை ஏற்றிவிட்டால் போதும்.

அதற்குள் ராகு காலம் வந்துவிட்டது. நாளைக்குப் போடலாம் என்றான் மகன். ராத்திரியில் தண்ணீர் ஊறிக் கரை சரிந்துவிடும், இப்போதே போடுங்கள் என்றேன். மேஸ்திரி என் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கலவைப் பாண்டைத் தூக்கி வந்து கொட்டச் சொன்னார்.

மகன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் வலியப் போய்ப் பேசவில்லை. அந்தக் கலவை வெடிக்காமல் இறுக, காலையும் மாலையும் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.