நீத்துப்பூசணிக்காய்க்கு ஒரு சட்டை

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய புதிதில் என் வீட்டுக்காரர் ஒரு லொறி வாங்கினார். பட்டாளம் கழித்துவிட்ட பழைய லொறி. எங்களிடம் இருந்ததோ கொஞ்ச வயலும் ஒரு சோடி மாடும் தவழுகிற மகளும்தான். இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய வாகனம் என்று கேட்டேன்.

"மேல இருந்து பாத்தா ஊர் முழுக்கத் தெரியுது. நீரும் ஒருக்கா ஏறிப் பாருமன்" என்றார்.

ஏறினேன். ஊர் தெரிந்தது உண்மைதான். முன் சில்லோடு படுத்திருந்த எங்கள் நாய்தான் தெரியவில்லை.

லொறிக்குப் பூசை போட்ட நாளன்று கோயில் ஐயர் நான்கு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, "எடுங்கோ" என்றார். இவர் லொறியை எடுத்தார். பழங்கள் நசுங்கின. முன்னால் நிறுத்தியிருந்த ஐயரின் சைக்கிளும் நசுங்கியது. ஐயர் போட்ட கூச்சல் இயந்திரத்தின் இரைச்சலில் மேலே எட்டவேயில்லை. இறங்கி வந்து பார்த்த இவர், கொஞ்சமும் வெட்கமில்லாமல், "பரவாயில்லை ஐயா, கண்ணூறு கழிஞ்சுது" என்றார்.

"இது காணாது தம்பி. நீத்துப்பூசணிக்காயும் வெட்டிக் கழியுங்கோ" என்று சொல்லிவிட்டு ஐயர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

அதன்பிறகு நெருப்புப்பெட்டி வாங்கவும் லொறிதான். அது பெற்றோலைத் தண்ணீர்போலக் குடித்தது. நான் வெளுத்துக் காயப்போட்ட வேட்டிகளில் கரியைத் துப்பியது. அயல்பெண்கள் குளிக்கிற வாய்க்காலில் எண்ணெய் மிதந்தது. ஒருநாள் வாய்க்கால் கரையையே உடைத்துக்கொண்டு போனதில், கடைசி வயல்களுக்குப் போகவேண்டிய தண்ணீர் ஆள் நடக்கிற ஒழுங்கையில் நின்றது. ஊரார் ஏசினால் இவர் ஹோர்ன் அடிப்பார்.

இதையெல்லாம் பொறுத்திருப்பேன். ஆனால் மகள் அந்த லொறியின் அடியில் நல்ல நிழல் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் அங்கே தவழ்ந்து போய்விடுவாள். நான் ஓடிப்போய் இழுத்தெடுப்பேன். இவரிடம் சொன்னால், "நான் பாத்துத்தானே எடுக்கிறன், சும்மா பயப்பிடாதையும்" என்பார்.

ஐயர் சொன்ன நீத்துப்பூசணிக்காய் குசினியில் அடுப்பு மூலையில் கிடந்தது. அதில் துளை போட்டு, வழக்கப்படி உள்ளே குங்குமம் கரைத்து ஊற்றி மூடினேன். வழக்கத்தில் இல்லாத ஒன்றையும் செய்தேன். மகளின் பூப்போட்ட சட்டையை அதற்குப் போட்டுவிட்டேன். மகளைவிட அடக்கமான பிள்ளையாக இருந்தது.

அந்த லொறியை முன்னால் நின்று இரும்புக் கம்பியைக் குத்திச் சுழற்றித்தான் கிளப்பவேண்டும். காலையில் இவர் சுழற்றினார், இரைந்தது. அவர் சுற்றிப் போய் மேலே ஏறுவதற்குள் நான் ஓடிப்போய் பூசணிக்காயை மற்றப் பக்கத்து முன் சில்லடியில் இருத்திவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் புகுந்தேன்.

"இஞ்சாருங்கோ, முன்னுக்கு ஒண்டும் இல்லையே?" என்று உள்ளிருந்து கத்தினேன்.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை!"

லொறி நகர்ந்தது. சதக்கென்று சத்தம் கேட்டது. பூசணிக்காய்தான் என்று தெரிந்திருந்தும் என் கை பிள்ளையை இறுக்கிப் பிடித்தது.

இயந்திரம் நின்றது. எட்டிப் பார்த்தேன். சில்லுக்கு அடியில் பூப்போட்ட சட்டை, சுற்றிலும் சிவப்பு. அவர் மண்ணில் முழந்தாளிட்டிருந்தார்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்று, "கண்ணூறு கழிஞ்சுது" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மகளின் கையை, காலை, தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அந்த இரும்புக் கம்பியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

"இனி இதை நீரே வச்சிரும்."

கம்பி குசினிக்குள் உலக்கைக்குப் பக்கத்தில் நின்றது. லொறி எடுக்கவேண்டுமென்றால் அவர் வாசலில் வந்து கேட்பார். நான் முதலில் மகளைத் தூக்கி இடுப்பில் வைப்பேன். அதன்பிறகுதான் கம்பியைக் கொடுப்பேன்.