நொய்யல் வழியே மாப்பிள்ளை ஊருக்கு

எண்பதுகளின் கடைசியில் நான் திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் பனியனை விளக்கடியில் விரித்து, ஓட்டை, கறை, தையல் பிசகு ஏதாவது இருந்தால் ஒதுக்கிவைக்க வேண்டும். எனக்கு எதிரே ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்தவள் என் தோழி. என்னைவிடச் சின்னவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நாங்கள் சென்னிமலை முருகனைக் கும்பிடும் நெசவுக் குடும்பம். அவள் வீட்டார் நொய்யல் கரையில், கொடுமணலுக்குப் பக்கத்தில், பல தலைமுறையாக இருக்கும் கிறிஸ்தவர்கள். வேலைக்காக அவள் நல்லூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள்.

கார்த்திகை மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை காவேரிக்கு அக்கரையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பொங்கல் கழித்து மாதா கோயிலில் கல்யாணம். கம்பெனியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள், ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. சாப்பாட்டு நேரத்தில் தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டேன்.

"மாப்பிள்ளை பிடிக்கலியா புள்ள?"

"அவரைச் சரியாப் பாக்கவே இல்லீங்க்கா. தலையக் குனிஞ்சுட்டே நின்னேன். ஊரு எப்படி, ஊடு எப்படி, ஒண்ணுந் தெரியாது. அங்க போனா மெஷின்ல உக்கார உடுவாங்களான்னும் தெரியாது."

கடைசியாகச் சொன்னதுதான் அவளுடைய உண்மையான கவலை. எங்கள் கம்பெனியில் அவள் தைத்த உருப்படியை நான் ஒதுக்கிவைத்ததே அபூர்வம். வேறு யாரும் பிடிக்கப் பயப்படும் மெல்லிய துணியை மேஸ்திரி அவளிடம்தான் கொண்டுவந்து போடுவார்.

அந்த வாரம் மில்லிலிருந்து நூல் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனியை மூடி, திங்கட்கிழமை வந்தால் போதும் என்றார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினாள். கீழே ஒரு ஓரம் சிவப்பாகவும் ஒரு ஓரம் நீலமாகவும் சாயத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"இந்த ஆறு காவேரியில சேர்ற எடத்துக்கு நேர் எதிர்க்கரைதாங்க்கா அவங்க ஊரு. இதைப் பிடிச்சுட்டே போனா ஊரைப் பாத்துட்டு வந்தரலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் யோசித்து வைத்திருந்தாள். அவளுடைய அண்ணன் கொடுமணலில் மண்ணுக்கடியில் இருக்கும் பழைய ஊரைத் தோண்டும் வேலைக்குக் கூலிக்குப் போனவர். அங்கே வந்த ஆராய்ச்சிக்காரர்கள், அந்தக் காலத்து வியாபாரிகள் மேற்குக் கடலிலிருந்து மலை தாண்டி, இந்த ஆற்றோரமாகவே நடந்து காவேரிக்குப் போவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"பொதி சுமந்துட்டு அவங்க போயிருக்காங்க. நமக்குச் சைக்கிள் இருக்குது" என்றாள்.

தோழியின் ஊருக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா தலையாட்டினார். சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அவளிடம் சொந்தமாக லேடீஸ் சைக்கிள் இருந்தது. நான் வாடகைக்கு ஒன்று எடுத்துக்கொண்டேன்.

காசிபாளையம் தாண்டும் வரை பிளீச்சிங் வாடை கூடவே வந்தது. பிறகு இரண்டு பக்கமும் சோளக்காடும் தென்னந்தோப்புமாக மாறியது. அவ்வப்போது ஆற்றின் குறுக்கே பழைய கல் அணை ஒன்று வரும். அதிலிருந்து வாய்க்கால் பிரிந்து குளத்துக்குப் போகும். ஆற்றோரம் பாதை அற்றுப்போகும் இடங்களில் அந்த வாய்க்கால் மேட்டில் ஏறி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். வேலிமுள் பாவாடையை இழுத்தது. கல் அணை ஒன்றின் மேல் உட்கார்ந்து காலை நனைத்தபோது, இதை யார் எந்தக் காலத்தில் அடுக்கியிருப்பார்கள் என்று கல்லைத் தடவிப் பார்த்தேன். சாந்து பெயர்ந்திருந்தாலும் கல் அசையவில்லை.

காட்டுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்து மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"ஏனுங்க கண்ணுகளா, இந்த முள்ளுக்குள்ள எங்க போறீங்க?"

"காவேரிக்குங்க" என்றேன்.

"ஏன், பஸ்ஸு ஓடலீங்களா?"

அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தோம். ஒரத்துப்பாளையத்தில் அப்போது அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். கல் லாரிகள் கிளப்பிய புழுதியில் எங்கள் தலை நரைத்துப்போனது. சாயங்காலம் அவள் வீட்டை அடைந்தபோது அவளுடைய அம்மாவுக்கே எங்களை அடையாளம் தெரியச் சற்று நேரமானது.

அவளுடைய அப்பா வெளியூர் போயிருந்தார். வந்த காரணத்தை மறைக்க முடியாமல் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். திட்டு விழும் என்று நான் சுவரோரம் ஒதுங்கினேன். அந்த அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

"நான் எதையும் பாக்காம இந்தூட்டுக்கு வந்தவ. கெணறு எந்தப் பக்கம்னு கேக்கக்கூட வெக்கப்பட்டுட்டு நின்னேன். நீ போய்ப் பாத்துட்டு வா சாமி. அப்பங்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன்."

மறுநாள் கருக்கலில் எங்களுக்கு முன்னால் எழுந்து புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். வழியில் அண்ணன் தோண்டிய காட்டைக் காட்டினாள். மழை கழுவிவிட்ட மண்ணில், பாதி துளை போட்ட அந்தக் காலத்துச் சிவப்புக்கல் மணி ஒன்று கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தோம்.

இரண்டாம் நாள் வழி கடினம். ஆறு அகன்று மணலானது. சக்கரம் புதைந்தது. மிதித்ததைவிடத் தள்ளியதுதான் அதிகம். என் தொடை கடுத்தது. திரும்பிவிடலாமா என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "நீங்க இங்க உக்காருங்க்கா, நான் போயிட்டு வர்றேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து தள்ளத் தொடங்கினேன்.

வெயில் சாய ஆரம்பித்தபோது காவேரி வந்தது. அவ்வளவு தண்ணீரை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் கூடவே வந்த நொய்யல், கலங்கலாக ஒரு கோடு போட்டுக்கொண்டு அதற்குள் போய்க் கொஞ்ச தூரத்தில் கரைந்துவிட்டது.

அக்கரைக்குப் பரிசல்தான். இரண்டு சைக்கிளையும் படுக்கவைத்து எங்களையும் ஏற்றிக்கொண்டார் பரிசல்காரர். நடு ஆற்றில் இழுப்பு வந்ததும் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. எனக்கு நீச்சல் தெரியாது. நான் "முருகா" என்று கத்த, அவள் "மாதாவே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு ஊட்டுச் சாமியும் ஏறியாச்சு. இனி நான் துடுப்பே போட வேண்டியதில்லீங்க" என்றார் பரிசல்காரர்.

தூரத்தில் நின்று கடையையும் ஊரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவது என்பதுதான் எங்கள் திட்டம். கரையேறிச் சைக்கிளை நிமிர்த்தினால் அவளுடைய முன்சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. வாய்க்கால் மேட்டு முள் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த ஊரில் பஞ்சர் ஒட்ட இருந்தது ஒரே கடை.

அவள் தாவணித் தலைப்பை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். கடையில் இருந்தவர் மெலிந்த ஆள்; கை முழுக்கக் கிரீஸ். டியூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். குமிழி வந்த இடத்தில் குச்சியால் அடையாளம் வைத்தார்.

"நல்லா ஏறியிருக்குதுங்க முள்ளு. எங்கிருந்து வர்றீங்க?"

"திருப்பூருங்க. ஆத்தோரமாவே வந்தோம்."

"சைக்கிள்லயேவா!" என்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "எனக்குப் பேசியிருக்கற பொண்ணும் திருப்பூர்லதான் தைக்குதுங்க" என்றார்.

அப்போது மரத்துக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"கல்யாணத்துக்கப்புறம் அந்தப் பொண்ணைத் தைக்க வேண்டாம்னு சொல்லிருவீங்களா?"

அவர் கை அப்படியே நின்றது. மரத்தின் பக்கம் திரும்பவில்லை. டியூபில் பசையைத் தடவி, ஊதி, ஒட்டுத்துண்டை வைத்து அழுத்திவிட்டுத்தான் பேசினார்.

"எனக்கு இந்தத் தொழில் தெரியும். அவிங்களுக்கு அந்தத் தொழில் தெரியும். அவிங்க என்னைக் கடையச் சாத்தச் சொன்னா நான் சாத்துவனாங்க? அதே மாதிரிதானுங்க." டியூபை டயருக்குள் திணித்துக்கொண்டே, "கடைக்குப் பின்னால ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்குது. மெஷின் போட வெளிச்சம் பத்துமான்னு அவிங்களே வந்து பாத்துச் சொன்னாப் பரவால்ல" என்றார்.

அவள் மரத்தைவிட்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் புழுதி, முழங்கை வரை முள் கீறல். அன்றுதான் இருவரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தார்கள்.

அவருடைய அம்மா கேள்விப்பட்டு ஓடிவந்தார். என்ன சொல்வாரோ என்று பயந்தோம். "மூஞ்சி வாடிக் கெடக்குதே, மொதல்ல சோறு உண்ணுங்க" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனார். சாப்பிட்டதும் அவள் அந்த அறைக்குப் போய்ச் சன்னலைத் திறந்து பார்த்தாள். கிழக்குப் பார்த்த சன்னல். "காலையில நல்லா வெளிச்சம் வருங்க்கா" என்று என்னிடம்தான் சொன்னாள். மாப்பிள்ளைக்கும் கேட்கும்படி சொன்னாள். பரிசலில் அவரே எங்களோடு வந்து இக்கரையில் விட்டு, வெள்ளகோவில் வழியாகத் திருப்பூர் போகும் பஸ்ஸின் மேல் சைக்கிள்களைக் கட்டினார்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த அறைக்கு ஒரு மெஷின் வந்தது. பிறகு இன்னும் சில வந்தன. எங்கள் கம்பெனியிலிருந்தே வெட்டிய துணி பஸ்ஸில் போகும், தைத்து மூட்டையாகத் திரும்பி வரும். அவளிடம் கற்றுக்கொள்ள அந்தக் கரைப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் தைத்ததை நான் விளக்கடியில் விரித்துப் பார்ப்பேன். ஆரம்பத்தில் நிறைய ஒதுக்கினேன், போகப் போகக் குறைந்தது.

ஆறு மட்டும் எங்கள் சந்தோஷத்தோடு வரவில்லை. தொண்ணூறுகளில் சாயம் அதிகமாகி, அவள் அண்ணன் காட்டுக் கிணறு வரை உப்பேறியது. ஆற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று கரையோர ஊர்க்காரர்கள் கூட்டம் போட்டார்கள். அண்ணன் ஒன்றுக்கும் தவறாமல் போனார். மழை நன்றாகப் பெய்த வருசம் கல் அணையின் மேல் தெளிந்த தண்ணீர் வழிந்ததாக அவள் கடுதாசி போட்டிருந்தாள்.

இதற்கிடையே எனக்கு வெள்ளகோவிலில் ஒரு மாப்பிள்ளை இடம் பேசி வந்தபோது, ஊரையும் வீட்டையும் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்வேன் என்றேன். அம்மா பதறினார். அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, வேட்டியை உதறிக் கட்டினார்.

"அதுல என்ன தப்பு? நட கண்ணு, நானும் பாக்கலியே அந்த ஊரை" என்று மொபெட்டை வாசலுக்கு உருட்டினார்.