மரத்தடியில் நின்றுபோன வயிற்று வலி

போன வாரம் கொல்லிமலையில் ஒரு பஸ், ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

சும்மா நிற்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் ஆளாளுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

பெண்ணின் பெயர் தர்ஷினி. மலைக்குக் கீழே, காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி ஓர் ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பொங்கல் லீவு முடிந்துவிட்டது. தலை பின்னியாயிற்று. அப்பா செல்வராசு அவளுடைய பையை பஸ்ஸில் ஏற்றியும் விட்டார். அவள் மட்டும் ஏறவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஓமத் தண்ணி குடுங்க, சரியாப் போயிரும்” — இது ஜன்னலோரத்து அம்மா.

“ஹாஸ்டல் சோறு ஒத்துக்கலையாட்ட இருக்குதுங்க” — இது பின்சீட்டு.

“வலியுமில்ல, ஒண்ணுமில்லீங்க. செல்போன் வாங்கிக் குடுத்தாத்தான் போவேன்னு அடம். என்ற ஊட்லயும் இப்படி ஒண்ணு இருக்குது” — இது கண்டக்டர்.

அம்மா ஜோதி மகளின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். செல்வராசு முகம் சிவந்துவிட்டது. ஊரே பார்க்கிறதே! ஒரு அதட்டு அதட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பஸ்ஸில் ஏறி, பையை இறக்கிக்கொண்டு வந்தார். “நீங்க போங்கண்ணா” என்று கண்டக்டரிடம் சொன்னார். பஸ் போய்விட்டது. செம்மேட்டுக்குக் காய்கறி வாங்கப் போக வேண்டிய நானும் ஏற மறந்து நின்றேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்... தை மாதம் வந்தால் நான் சேலத்தில் இருக்க மாட்டேன். மலை மேல் ஆலத்தூர் நாடு என்கிற ஊரில் என் தோழியின் வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. குளிரையும் புது மிளகு வாசனையையும் சாக்காக வைத்து அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். பக்கத்து வீடுதான் செல்வராசு, ஜோதி வீடு. கொஞ்சம் மிளகு, கொஞ்சம் குச்சிக்கிழங்கு (மரவள்ளிதான்), வருடத்துக்கு ஒரு போகம் சாமை. ஒரே மகள். அவர்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் ஹாஸ்டலுக்குப் போய்ப் படிக்கிற முதல் பெண் அவள்தான். இப்போது அவள் திரும்பிப் போகவில்லை என்றால் அந்தப் படிப்பு அதோடு நின்றுவிடும். மலையில் அப்படி நின்றுபோன பெண்களை ஜோதிக்குத் தெரியும். அவளே ஒருத்தி.

அதனால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்தும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

“நீங்க ரொம்பச் செல்லம் குடுத்துட்டீங்க” என்றாள் ஜோதி. “நீதான் பொழுதன்னைக்கும் புள்ள எளைச்சுட்டா எளைச்சுட்டான்னு அழுத” என்றார் செல்வராசு. மகள் உள்ளே போர்வைக்குள் சுருண்டிருந்தாள். பெரியவர்களுக்குள் சண்டை ஏற ஏற, போர்வை இன்னும் சுருண்டது.

நானும் என் பங்குக்கு ஒரு கண்டுபிடிப்பை எடுத்து விட்டேன். ஹாஸ்டலில் யாரோ கேலி செய்கிறார்கள்... மலையிலிருந்து வந்த பெண், பேச்சு வேறு மாதிரி இருக்கும், பிள்ளைகள் சும்மா விடுமா? எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஜோதி மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து பதில் நேராக எனக்கே வந்தது.

“இல்லீங்க பெரியம்மா. அங்க எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க.”

என் கண்டுபிடிப்பும் ஓமத் தண்ணியோடு போய்ச் சேர்ந்தது.

நாம் என்றால் அடுத்து என்ன செய்திருப்போம்? ஒரு டாக்டரிடம் காட்டுவோம். அவர்களும் காட்டினார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்றும் இல்லை என்றால் நடிப்பு என்று முடிவுகட்டிவிடுவோம். அங்கேதான் செல்வராசு என்னை ஆச்சரியப்படுத்தினார்.

“எனக்கு இது வெளங்கலீங்க அக்கா. வெளங்காம புள்ளயத் திட்டி என்ன ஆகப் போகுது? ஒரு ரெண்டு நாள் இருக்கட்டும், பாக்கலாம்” என்றார்.

எத்தனை அப்பாக்கள் வாயிலிருந்து ‘எனக்கு விளங்கவில்லை’ என்று கேட்டிருக்கிறீர்கள்? நான் அதிகம் கேட்டதில்லை. ‘என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதா?’ — இதைத்தான் வீட்டுக்கு வீடு கேட்கிறேன். பெற்றவர்கள் அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைச் சொன்ன பிறகு பிள்ளையிடம் கேட்க ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

ஜோதி வேறு மாதிரி யோசித்தாள். கிழங்குத் தோல் உரித்துக்கொண்டே எனக்குச் சொல்கிற மாதிரி தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பொங்கலன்னைக்குக் காத்தால வரைக்கும் நல்லாத்தானுங்க அக்கா இருந்தா. கூடப் படிக்கிற புள்ளைகளுக்குன்னு முறுக்கெல்லாம் கேட்டு வாங்கிப் பையில வெச்சா. சாயங்காலம்தான் தட்டத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சுப் போனா. நடுவால என்னமோ நடந்திருக்குது.”

நடுவில் என்ன நடந்தது? அதற்கு விடை மறுநாள் காலையில் தானாக வந்தது.

மிளகு பறிக்கிற காலம் ஆரம்பித்துவிட்டது அல்லவா. செல்வராசு சுவரில் சாய்த்திருந்த ஏணியைத் தூக்கினார். ஏணி என்றால் நம் வீட்டு ஏணி இல்லை. ஒற்றை மூங்கில். கணுக்களில் கிளைகளைச் சாண் நீளத்துக்கு விட்டு நறுக்கியிருப்பார்கள், அதில்தான் கால் வைத்து ஏற வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி உச்சி வரை படர்ந்திருக்கும். அந்த மரத்தில் மூங்கிலைச் சாய்த்து, ஒருவர் ஏற, இன்னொருவர் அடியில் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். ஜோதி பெரும்பாலும் கூலி வேலைக்குப் போய்விடுவாள். அதனால் அந்த வீட்டில் லீவு நாளெல்லாம் அடியில் நின்று பிடித்தது தர்ஷினிதான்.

மூங்கில் சுவரில் உரசிய சத்தம் கேட்டதுதான் தாமதம்... போர்வை பறந்தது. நேற்று வரை எழுந்து நிற்க முடியாத பெண், அப்பா மரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் மரத்தடியில் நின்றாள்! அவர் மூங்கிலைச் சாய்த்ததும் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் மாடு ஓட்டிக்கொண்டு போனவர் சிரித்தார். “பாத்தீங்களா? வயித்து வலி எங்க போச்சு? அத்தனையும் நடிப்புங்க!”

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயிலும் அதுதான் வந்தது. செல்வராசு முகத்திலும் அது ஓடியது. ஜோதிதான் கிழங்குக் கூடையைக் கீழே வைத்தாள்.

“நடிப்பில்லீங்க. வலி பொய்யில்ல. இங்க வந்து நின்னா மட்டும் நிக்குது” என்றாள்.

பிறகு கணவரைப் பார்த்து, “ஏனுங்க, பொங்கலன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க, நெனவிருக்குதா?” என்று கேட்டாள்.

பொங்கலன்று சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் செல்வராசு ஒரு கதை சொன்னாராம். போன வருடம் மூங்கில் வழுக்கி, தான் மரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கிய கதை. குரங்கு மாதிரி தொங்கினேன் என்று நடித்துக் காட்ட, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதோடு விடாமல் மகளைப் பார்த்து, “நீ படிப்பப் பாரு கண்ணு. இந்த வருசம் நான் ஒத்தையிலயே ஏறிக்கறேன்” என்றும் சொல்லியிருக்கிறார்.

அன்பாகத்தான் சொன்னார். வேலைக்கு ஒத்தாசையாக இல்லாமல் படிக்கப் போகிறோமே என்று மகள் வருந்தக் கூடாதாம். அந்த பாரத்தை இறக்கிவைப்பதாக நினைத்து, அதைவிடப் பெரிய பாரத்தை ஏற்றிவிட்டார். அந்தச் சின்னப் பெண்ணின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான் — இந்த வருடம் அப்பா ஏறும்போது கீழே யாரும் இருக்க மாட்டார்கள்.

செல்வராசு நினைத்திருந்தால், “உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்!” என்று அதட்டியிருக்கலாம். நம் வீடுகளில் நிறைய பேச்சுவார்த்தைகள் அந்த இடத்தில்தான் செத்துப்போகின்றன. அவர் மூங்கிலை எடுத்துக் கீழே போட்டார். மரத்தடியிலேயே உட்கார்ந்தார். மகளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்கு எட்டிய கொடியிலிருந்து ஒரு சரம் மிளகைப் பறித்து உருவிக்கொண்டே பேசினார்.

“வேலைக்கு ஆளில்லாம அப்பன் கஷ்டப்படுவானேன்னு நீ வருத்தப்படுவேன்னு நெனச்சேன் சாமி. அதான் அப்படிச் சொன்னேன். அது இல்லையாட்ட இருக்குது. என்னன்னு எனக்குத் தெரியல. நீயாச் சொன்னாத்தான் உண்டு.”

அவள் கீழே சிந்திய மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவர் அவசரப்படுத்தவில்லை. நான்தான் வாயைத் திறக்கப் போனேன்... கேள்வி கேட்டுப் பழகிய வாய் அல்லவா! ஜோதி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கடைசியில் தர்ஷினி சொன்னாள். “நீங்க சிரிச்சீங்கப்பா.”

“எப்ப கண்ணு?”

“அன்னைக்கு வழுக்குனப்பவும் சிரிச்சீங்க. பொங்கலுக்கும் சிரிச்சீங்க. எல்லாருமே சிரிச்சாங்க. நான்தான் பிடிச்சிட்டிருந்தேன். என்ற கையில இருந்துதான் நழுவுச்சு.”

ஒரு வருடம்! ஒரு வருடமாக இதை அந்தக் குழந்தை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறது. தன் கைதான் அப்பாவை நழுவவிட்டது என்று. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஒளிக்கவில்லை.

செல்வராசு கையிலிருந்த மிளகைக் கீழே வைத்தார்.

“உன்ற கையில இல்ல சாமி. மழை ஈரத்துல அடி மண்ணு எறங்கிருச்சு. அந்த ஈரத்துல நான் ஏறியிருக்கவே கூடாது. அது என்ற தப்பு. நீ விடாமப் பிடிச்சதாலதான் மரத்தக் கட்டிக்க எனக்கு நேரம் கெடச்சுது. அப்பறம்... அன்னைக்கு என்ற காலும் நடுங்குச்சு கண்ணு. நீ பயந்துருவியேன்னுதான் சிரிச்சேன்.”

“நிசமாவா?”

“நிசமாத்தான். இப்பவும் உச்சிக்குப் போனா பயமாத்தான் இருக்குது.”

அப்பாவுக்குப் பயமாக இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைக்குப் பயம் அதிகமாகும் என்றுதானே நாம் நினைப்போம்? அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அதுவரை அந்த வீட்டில் பயப்படுகிற ஒரே ஆள் அவள்தான். அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து அவளே பயந்துகொண்டிருந்தாள். இப்போது துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது. அம்மா மடியில் விழுந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்து எழுந்ததும் முதல் கேள்வி — “அம்மா, நீ பிடிப்பியா?”

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஜோதி கூலி வேலைக்குக் கிளம்பும் முன்பு, காலையில் மட்டும்தான் அவர் ஏற வேண்டும் என்று முடிவாயிற்று. தூறல் விழுந்தால் ஏறக் கூடாது. மூங்கிலின் மேல்பக்கத்தை மரத்தோடு கயிற்றால் கட்ட வேண்டும். இதெல்லாம் மகள் போட்ட சட்டம்! சட்டம் போட்டதோடு விடவில்லை. ஜோதியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அப்பா ஏறும் முன் அவளே மூங்கிலைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கிப் பார்த்தாள்.

“ஏய், என்னையும் சேத்து ஆட்டாத புள்ள!” என்றாள் ஜோதி. அன்றைக்கு மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முதல் நாள் ஒருவரை ஒருவர் குற்றம் சொன்ன அதே புருஷனும் பெண்டாட்டியும் குழம்பில் உப்பு கூட என்று சிரித்துக்கொண்டார்கள். ஒரு குழந்தையின் மனதில் இருந்தது வெளியே வந்தது, மூன்று பேர் வயிறும் சரியாகிவிட்டது.

எனக்கு இவர்கள் மேல் வந்த மரியாதையை எப்படிச் சொல்வது? பிள்ளையின் மனதைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள் என்பதற்காக இல்லை. முதலில் தப்பாகத்தானே நினைத்தார்கள்! தப்பாக நினைத்துவிட்டோமோ என்று சந்தேகப்பட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததும் கூச்சப்படாமல் திரும்பி வந்து கேட்கவும் தெரிந்திருந்தது. பெற்றவர்களிடம் இந்த ஒரு குணம் இருந்துவிட்டால் அந்த வீட்டில் பிள்ளைகள் எதையும் வருடக்கணக்கில் சுமக்க வேண்டியிருக்காது.

மறுநாள் தர்ஷினி பஸ் ஏறிப் போனாள். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்து போன் வந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டார்கள். சாப்பிட்டாயா, குளித்தாயா என்று ஜோதி ஆரம்பிக்கும் முன்பே அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது.

“அப்பா, இன்னைக்கு ஏறுனீங்களா?”

ஜோதி கணவருக்குக் கண்ணைக் காட்டினாள் — நல்லதாகவே சொல்லுங்கள், பிள்ளை நிம்மதியாகப் படிக்கட்டும் என்று. அவர் ஒரு நிமிடம் யோசித்தார்.

“ஏறுனேன் கண்ணு. அம்மாதான் பிடிச்சா. உச்சிக்குப் போறதுக்குள்ள காத்து வந்துருச்சு, கொஞ்சம் பயமா இருந்துச்சு. எறங்கிட்டேன். மேல நல்லாப் பழுத்தது அப்படியே நிக்குது.”

ஜோதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. “எறங்கிட்டீங்கல்ல... அது போதுங்கப்பா. மேல இருக்கறதக் குருவி தின்னுட்டுப் போகட்டும். சரி, எங்க ஆண்டு விழாவுல நான் என்ன வேசம் போடப் போறேன் தெரியுமா?” என்று அவள் தன் கதையை ஆரம்பித்தாள். அதற்கப்புறம் மிளகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆலத்தூர் நாட்டுக் குருவிகளுக்கு இந்த வருடம் யோகம்தான்!