கர்டரில் செருகிய தோல் துண்டு

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் பதனிடும் கிடங்கில் வேலாயுதம் ஃபிட்டர் மேஸ்திரியாக இருந்தார். கனமான மிஷின்களைத் தூக்கி நிறுத்துவதில் நல்ல பெயர். கிடங்கில் எதற்கும் தோல்தான் கைகொடுக்கும்: பம்புக்கு வாஷர், கதவுக்குக் கீல், மிஷினுக்குப் பெல்ட். அந்தப் பழக்கம் 1931 கார்த்திகையில் ஒரு உயிரையே வாங்கப் பார்த்தது.

தோலை உருட்டிப் பதப்படுத்தும் மர டிரம்மின் பேரிங் தேய்ந்துபோயிருந்தது. டிரம்மைத் தூக்கினால்தான் மாற்ற முடியும். அதற்குக் கூரையின் இரும்பு கர்டரைக் கிளாம்பால் கவ்வி, அதில் செயின் புல்லியை மாட்ட வேண்டும். கர்டரின் அகலத்துக்கு ஏற்ற கிளாம்பு வாணியம்பாடிக்கு இரவல் போயிருந்தது. கையில் இருந்ததற்கு வாய் பெரிது. திருகை முழுதும் முடுக்கியும் ஆடியது. வேலாயுதம் இடுக்கில் எண்ணெய் ஊறிய தடித்த தோல் துண்டு ஒன்றைச் செருகி முடுக்கினார். ஆட்டம் நின்றது.

டிரம் ஒரு முழம் எழும்பியதும் நசீர் அகமது அடியில் புகுந்து பேரிங்கைக் கழற்றத் தொடங்கினார். வேலாயுதத்தோடு பல வருஷமாக வேலை செய்யும் ஃபிட்டர் அவர். ஈரத் தோல் சுமந்து வந்த சவுரியம்மாள் தற்செயலாக அண்ணாந்து பார்த்தார்.

"மேஸ்திரி, மேல பாருங்க! எண்ணெ வழியுது. தோலு பிதுங்கிக்கினு வருது!"

"உன் வேலையப் பாரும்மா" என்று சொல்ல வாயெடுத்தவர் தாமும் பார்த்துவிட்டார். பளுவில் தோல் நசுங்கி மெலிந்து, கிளாம்பின் ஒரு பல் கர்டரின் விளிம்புக்கே வந்திருந்தது.

"பாய், வெளிய வா! எல்லாத்தையும் போட்டுட்டு வா!"

நசீர் உருண்டு வெளியே வந்தார். அவர் காலை இழுத்துக்கொள்ளவும் கிளாம்பு கழன்று டிரம் விழவும் சரியாக இருந்தது.

 நசீர் தூசியைத் தட்டிக்கொண்டே எழுந்தார்.

"இன்னா மேஸ்திரி, ஆட்டுத் தோலு கம்மியாப் போச்சா? என்னையே பதம் போடப் பாத்தியே!"

"உன் தோல எவன் பாய் வாங்குவான்?" என்றார் சவுரியம்மாள்.

கிடங்கே சிரித்தது. வேலாயுதத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார். சவுரியம்மாள் கூச்சப்பட்டுச் சுமையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

சரியான கிளாம்பு திரும்பி வரும்வரை வேலாயுதம் டிரம்மைத் தொடவில்லை. வந்ததும் மாட்டி, டிரம்மை முதலில் நாலு விரல் மட்டும் தூக்கி நிறுத்தினார். நசீர் குனிந்தபோது தோளைப் பிடித்துத் தடுத்தார்.

"இரு பாய். சவுரியம்மா வந்து பாக்கட்டும்."

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கர்டரின் இரண்டு பக்கமும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லா கவ்விக்கினு இருக்குது மேஸ்திரி."

அதன்பிறகுதான் டிரம் மேலே எழும்பியது; நசீர் உள்ளே போனார்.